விளம்பரத்தை நிறுத்தினால் விற்பனை குறையுமா? நீங்களே சோதித்துப் பார்ப்பது எப்படி

(பாட்காஸ்ட் அத்தியாயத்தின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

நேயர்களிடமிருந்து அடிக்கடி வருகிற ஒரு கேள்வியைத்தான் இன்னிக்கு எடுத்துக்கப் போறோம். வார்த்தைகள் மாறும், விஷயம் ஒண்ணுதான். "இப்படிப் பண்ணா வியாபாரம் ஏறும்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் பண்றேன். ஏறுதா இல்லையான்னே தெரியல. மாசம் பதினஞ்சாயிரம், இருபதாயிரம் போய்க்கிட்டே இருக்கு. தொடரட்டுமா, நிறுத்தட்டுமா?"

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மெயில் அனுப்புங்க, வாங்கும் பொத்தானைச் சிவப்பா வைங்க, தினமும் ஒரு ரீல்ஸ் போடுங்க, உங்க கடைப் பெயரையே கூகுள்ல விளம்பரமா வாங்கி வைங்க. இதெல்லாம் 'பெஸ்ட் பிராக்டிஸ்' என்ற பெயரில் சுற்றுகிற ஆலோசனைகள். இவற்றில் பொய் என்று எதையும் ஒதுக்கிவிட முடியாது. யாரோ ஒருத்தர், ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு சரக்கை விற்கும்போது அது வேலை செய்திருக்கும். நம்மிடம் வந்து சேரும்போது ஊரும் சரக்கும் காணாமல் போய், முடிவு மட்டும் மிஞ்சியிருக்கும்.

சிவப்புப் பொத்தானையே எடுத்துக்குவோம். இது எங்கிருந்து வந்தது தெரியுமா? பெர்ஃபார்மபிள் என்ற அமெரிக்க நிறுவனம் தன் முகப்புப் பக்கத்தில் பச்சைப் பொத்தானையும் சிவப்புப் பொத்தானையும் மோதவிட்டுப் பார்த்தது. சிவப்பு 21 சதவீதம் அதிகமாக அமுக்கப்பட்டது. 2011-ல் ஹப்ஸ்பாட் தளத்தில் இது கட்டுரையாக வந்தது, அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் அந்தப் பக்கத்தின் மற்ற பகுதிகளில் பச்சை ஏற்கெனவே நிறைய இருந்தது. பச்சைக்கு நடுவே சிவப்பு எடுப்பாகத் தெரிந்ததுகூடக் காரணமாக இருக்கலாம். சோதிக்காமல் உங்கள் பொத்தானை மாற்றிவிடாதீர்கள் என்று அந்தக் கட்டுரையே எச்சரித்தது. எச்சரிக்கையை யாரும் கையோடு எடுத்து வரவில்லை. ஏற்கெனவே சிவப்பும் மஞ்சளுமாக இருக்கிற ஒரு மசாலாக் கடைப் பக்கத்தில் சிவப்புப் பொத்தான் என்னத்தைச் செய்யும், சொல்லுங்க?

இன்னொண்ணு, ஜாம் பாட்டில் கதை. மார்க்கெட்டிங் வகுப்புக்குப் போன யாரும் இதைக் கேட்காமல் வெளியே வந்திருக்க மாட்டார்கள். ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் கலிஃபோர்னியாவில் ஒரு மளிகைக் கடையில் செய்த சோதனை. 2000-ல் வெளியானது. ஒரு நேரம் மேஜையில் 24 வகை ஜாம், இன்னொரு நேரம் 6 வகை மட்டும். 24 இருந்தபோது கடந்துபோனவர்களில் 60 சதவீதம் பேர் நின்று பார்த்தார்கள், ஆனால் நின்றவர்களில் 3 சதவீதம் பேர்தான் வாங்கினார்கள். 6 இருந்தபோது 40 சதவீதம் பேர் நின்றார்கள், அவர்களில் 30 சதவீதம் பேர் வாங்கினார்கள். உடனே ஆலோசனை தயார்: "வகையைக் குறைங்க, விற்பனை கூடும்."

பத்து வருஷம் கழித்து, 2010-ல், இதே மாதிரி நடந்த ஐம்பது சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரி விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம். சில இடத்தில் வகை கூடியதால் விற்பனை குறைந்தது, சில இடத்தில் கூடியது. அப்படியென்றால் ஜாம் சோதனை தப்பா? அப்படிச் சொல்ல முடியாது. அது அந்தக் கடையின் பதில். நம்ம ஊர் ஜவுளிக்கடைக்காரரிடம் போய், "புடவையில ஆறு டிசைன் மட்டும் எடுத்துப் போடுங்க, வியாபாரம் பத்து மடங்காகும்"னு சொல்லிப் பாருங்க. என்ன பதில் வரும்னு உங்களுக்கே தெரியும்.

சரி, அடுத்தவர் சோதனையை நம்ப முடியாதென்றால் நாமே சோதிக்கணும். எதை? எப்படி? இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் ஈபே. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்றேன்.

நீங்க கூகுளில் ஒரு நிறுவனத்தின் பெயரைத் தட்டினால், மேலே விளம்பரமாக அந்த நிறுவனத்தின் லிங்க் வரும். அதுக்குக் கீழேயே விளம்பரம் இல்லாத சாதாரண லிங்க்காகவும் அதே நிறுவனம் வரும். மேலே இருப்பதை அமுக்கினால் நிறுவனம் கூகுளுக்குக் காசு கொடுக்கணும். கீழே இருப்பதை அமுக்கினால் இலவசம். தன் பெயருக்கே விளம்பரம் வாங்கி வைப்பது ரொம்ப காலமாக இருக்கிற பழக்கம். அறிக்கையில் பார்த்தால் லாபமும் அமோகமாகத் தெரியும். பெயரைத் தட்டி வருகிறவர் வாங்கும் எண்ணத்தோடுதானே வருகிறார்!

ஈபேயின் ஆய்வுப் பிரிவில் இருந்த தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டடேலிஸ் ஆகிய மூன்று பொருளாதார நிபுணர்கள் இங்கேதான் சந்தேகப்பட்டார்கள். விளம்பரம் இல்லாவிட்டாலும் இவர்கள் வந்திருப்பார்களே? 2012 மார்ச்சில் யாஹூ, எம்எஸ்என் தேடல்களில் ஈபே என்ற பெயருக்கான விளம்பரத்தை நிறுத்தினார்கள். கூகுளில் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே ஓடவிட்டார்கள். விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்த வருகையில் 99.5 சதவீதம், கீழே இருந்த இலவச லிங்க் வழியாக அப்படியே வந்து சேர்ந்தது. நூறு பேரில் ஒருத்தர்கூட முழுசாகக் குறையவில்லை.

அடுத்து, பெயர் அல்லாத மற்ற சொற்களுக்கான விளம்பரம். இதைச் சோதிக்க அமெரிக்காவை ஊர் வட்டாரங்களாகப் பிரித்தார்கள். சுமார் 30 சதவீத வட்டாரங்களில் கூகுள் விளம்பரத்தை அணைத்துவிட்டு, மற்றதில் விட்டுவைத்தார்கள். விளம்பரம் அணைந்த ஊர்களிலும் எரிந்த ஊர்களிலும் விற்பனை ஏறக்குறைய ஒன்றாகவே நகர்ந்தது. அடிக்கடி வாங்குகிற பழைய வாடிக்கையாளர்கள்மேல் விளம்பரத்தின் பாதிப்பு இல்லை. புதியவர்கள்மேலும் எப்போதாவது வாங்குபவர்கள்மேலும் பாதிப்பு இருந்தது. ஆனால் செலவின் பெரும்பகுதி போய்க்கொண்டிருந்தது அந்தப் பழைய வாடிக்கையாளர்களின் கிளிக்குக்கு. போட்ட ஒவ்வொரு டாலரிலும் சராசரியாக 63 சென்ட் நஷ்டம் என்று மதிப்பிட்டார்கள். இந்த ஆய்வு 2015-ல் எகனாமெட்ரிகா இதழில் வந்தது.

இதில் என்னைக் கவர்ந்தது அவர்கள் கேட்ட கேள்விதான். விளம்பர நிறுவனத்தின் டாஷ்போர்டு, "இந்த விளம்பரத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள்?" என்றுதான் சொல்லும். நமக்கு வேண்டியது, "பார்க்காமல் இருந்திருந்தால் எத்தனை பேர் வாங்கியிருக்க மாட்டார்கள்?" என்பது. ரெண்டும் வேற வேற. உதாரணமா மெட்டா விளம்பரத்தில் நீங்கள் அமைப்பை மாற்றாவிட்டால், விளம்பரத்தை அமுக்கி ஏழு நாளுக்குள் வாங்கினாலும் அது விளம்பரக் கணக்கு, அமுக்காமல் வெறுமனே கண்ணில் பட்டு ஒரு நாளுக்குள் வாங்கினாலும் விளம்பரக் கணக்கு. உங்க கடையில் மாசாமாசம் வாங்குகிற அக்கா ஒருத்தங்க, காலையில் இன்ஸ்டாகிராமில் உங்க விளம்பரத்தைத் தள்ளிவிட்டுட்டு, சாயங்காலம் வழக்கம்போல ஆர்டர் போட்டா, பெருமை விளம்பரத்துக்குப் போயிடும்.

இப்போ ஒரு ஆபத்து இருக்கு. இதைக் கேட்டுட்டு, "அப்போ பெயர் விளம்பரம் தண்டச்செலவு"ன்னு இன்னிக்கே நிறுத்திடாதீங்க. அதுவும் கண்மூடித்தனம்தான். ஈபே அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். உங்கள் பெயரைத் தேடும்போது மேலே போட்டிக் கடைக்காரர் விளம்பரம் வாங்கி உட்கார்ந்திருந்தால் நிலைமை வேறு. போட்டியாளர் இருக்கும் இடத்தில் பெயர் விளம்பரத்துக்கு மதிப்பு அதிகம் என்பதைப் பிறகு வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் ஈபேயிடமிருந்து முடிவைக் கடன் வாங்காதீங்க, அவர்கள் சோதித்த முறையை மட்டும் வாங்கிக்கோங்க.

அந்த முறையை நம்ம அளவுக்குச் சுருக்கிப் பார்ப்போம். ஆன்லைனில் மரச்செக்கு எண்ணெய் விற்கிற ஒரு சின்ன நிறுவனம்னு வெச்சுக்குவோம். எண்ணெல்லாம் கணக்குக்காக நானே போட்டது. இன்ஸ்டாகிராம் விளம்பரம் ஆறு ஊர்களில் ஓடுகிறது. பழைய பில்களைப் பார்த்து, ஏறக்குறைய ஒரே அளவு ஆர்டர் வருகிற மாதிரி இரண்டு கூட்டமாகப் பிரிக்கிறோம். சேலம், திருப்பூர், திருச்சி ஒரு பக்கம். ஈரோடு, திண்டுக்கல், தஞ்சாவூர் இன்னொரு பக்கம். ஈரோடு பக்கத்தில் நான்கு வாரம் விளம்பரத்தை அணைக்கிறோம். சேலம் பக்கம் அப்படியே ஓடுகிறது. வேற எதையும் மாற்றக் கூடாது. விலை, ஆஃபர், டெலிவரி எல்லாம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்.

முந்தைய நான்கு வாரத்தில் சேலம் பக்கம் 200 ஆர்டர், ஈரோடு பக்கம் 190. சோதனை நடந்த நான்கு வாரத்தில் சேலம் பக்கம் 210, ஈரோடு பக்கம் 171. சேலம் பக்கம் 5 சதவீதம் கூடியிருக்கிறது. விளம்பரம் இருந்திருந்தால் ஈரோடு பக்கமும் அதே மாதிரி கூடி 199 அல்லது 200 ஆகியிருக்கும். வந்தது 171. ஆக, விளம்பரம் கொண்டுவந்தது சுமார் 28 ஆர்டர்.

கொரியர் போக ஒரு ஆர்டருக்கு 180 ரூபாய் மிச்சம் என்றால், 28 ஆர்டருக்கு 5,040 ரூபாய். ஈரோடு பக்கம் நான்கு வாரத்துக்கு விளம்பரச் செலவு 9,000 ரூபாய். முதல் தேற 50 ஆர்டர் வேண்டும். 28-தான் வந்தது. நஷ்டம், நிறுத்திடலாமா?

அவசரப்படாதீங்க. இன்னும் ரெண்டு விஷயம் பார்க்கணும்.

முதல் விஷயம், 28 என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம்? எந்தக் காரணமும் இல்லாமலே ஆர்டர் எண்ணிக்கை மேலும் கீழும் ஆடும். எவ்வளவு ஆடும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு, அந்த எண்ணின் வர்க்கமூலம். 200 ஆர்டர் வரும் இடத்தில் 14 முன்னே பின்னே போவது சகஜம். நம்ம கணக்கில் நான்கு எண்கள் இருக்கு, நாலுமே ஆடும். சேர்த்துப் பார்த்தால் ஆட்டமே 28 பக்கம் வந்துவிடும். அதாவது 28 என்று நாம் கண்டது வெறும் ஆட்டமாகக்கூட இருக்கலாம். அதனால் அடுத்த மாதம் பக்கத்தை மாற்றணும். ஈரோடு பக்கம் விளம்பரத்தைப் போட்டுட்டு சேலம் பக்கம் அணைக்கணும். ரெண்டு மாசமும் ஒரே பக்கம் சாய்ந்தால் நம்பிக்கை கூடும். ஈரோட்டுக்கு மட்டும் ஏதாவது தனிக் காரணம் இருந்திருந்தால், மாற்றிப் போடும்போது அதுவும் கழிந்துவிடும். பக்கம் மாற்றும்போது முதல் வாரத்தைக் கணக்கில் எடுக்காதீங்க. போன மாசம் விளம்பரம் பார்த்தவங்க அந்த வாரம்கூட வாங்குவாங்க.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். வந்த ஆர்டர் யாருடையது? ஈபேயில் புது ஆட்களுக்கும் பழைய ஆட்களுக்கும் நடுவே இருந்த வித்தியாசத்தை நினைச்சுப் பாருங்க. நமக்கு இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒவ்வொரு ஆர்டரிலும் போன் நம்பர் இருக்கிறது. முன்பு வாங்கிய நம்பரா, புது நம்பரா? அந்த 28-ல் 20 பேர் புது நம்பர்னு வெச்சுக்குவோம். எண்ணெய் ஒரு முறை வாங்கி விடுகிற பொருள் இல்லை. புதிதாக வருபவர் ஒரு வருடத்தில் சராசரியாக நான்கு முறை வாங்குவார் என்று உங்கள் பழைய பில் சொன்னால், ஒரு புது ஆளின் மதிப்பு 720 ரூபாய். 20 பேருக்கு 14,400. மீதி 8 ஆர்டருக்கு 1,440. மொத்தம் 15,840. செலவு 9,000. நஷ்டம்னு நினைச்ச விளம்பரம் இப்போ லாபத்தில் வந்து நிற்கிறது.

அந்த 'நான்கு முறை' உங்க பில் புத்தகத்திலிருந்து வரணும். யூடியூபில் யாரோ சொன்ன சராசரியை எடுத்துப் போட்டா, மறுபடி அடுத்தவர் கணக்கில் நம்ம பணத்தைப் போடுற கதைதான். ஒரு வருஷத்துக்கு முன்னால் முதல் முறை வாங்கிய நூறு நம்பரை எடுத்து, அவர்கள் இதுவரை எத்தனை முறை வாங்கினார்கள் என்று எண்ணுங்க. ஒரு மதியம் போதும். பழையவர்களே திரும்பத் திரும்ப அமுக்குகிறார்கள் என்று தெரிந்தால், விளம்பர அமைப்பில் அவர்களின் நம்பர்களை ஏற்றி, இவர்களுக்குக் காட்டாதே என்று விலக்கி வைக்க வழி இருக்கிறது. மொத்தமாக நிறுத்துவதைவிட அது நல்ல முடிவாக இருக்கலாம்.

காலத்தையும் பார்த்துக்கோங்க. தீபாவளிக்கு முன் நான்கு வாரம், பொங்கல் வாரம், துணிக்கடையாக இருந்தால் ஆடித் தள்ளுபடி மாதம், இந்த நாட்களில் சோதனை வைக்காதீர்கள். ரெண்டு பக்கமும் சேர்ந்துதான் ஏறும் என்றாலும், எல்லா ஊரும் ஒரே அளவில் ஏறாது. சம்பள வாரம், மாசக் கடைசி ரெண்டும் உள்ளே வரும்படி முழு மாசமாக வைப்பது நல்லது.

இப்போ சிலர், "நான் ஏ/பி டெஸ்ட் பண்றேனே, அது போதாதா?"ன்னு கேட்பீங்க. எல்லாத்தையும் ஏ/பி டெஸ்ட் பண்ணு என்பதும் ஒரு பெஸ்ட் பிராக்டிஸ்தான், அதையும் நம்ம அளவுக்கு உரசிப் பார்க்கணும். உங்க தளத்துக்கு வர்ற நூறு பேரில் ரெண்டு பேர் வாங்குறாங்க. புதுப் பக்கத்தால் அது 2-லிருந்து 2.4 ஆகிறதா என்று வழக்கமான நம்பகத்தோடு கண்டுபிடிக்க, ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 21,000 பேர் வந்து போகணும். ரெண்டுக்கும் சேர்த்து சுமார் 42,000. தினம் நூறு பேர் வருகிற தளம் என்றால் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். பெரிய நிறுவனங்களுக்கு இது ஒரு மணி நேர வேலை. அவங்க பொத்தான் நிறத்தைச் சோதிக்கிறாங்கன்னா அதனாலதான்.

சின்னக் கடை பெரிய மாற்றத்தைத்தான் சோதிக்கணும். 2 பேர் 4 பேராக வாய்ப்புள்ள மாற்றத்துக்கு, ஒரு பக்கத்துக்கு 1,200 பேர் போதும். அதே தளத்தில் இருபத்தஞ்சு நாளுக்குள் முடியும். ஒரு லிட்டர் பாட்டிலா, கால் லிட்டர் சாம்பிள் பாட்டிலா? டெலிவரி இலவசம்னு சொல்லி விலையில் சேர்ப்பதா, தனியாக வாங்குவதா? கேஷ் ஆன் டெலிவரி உண்டா, இல்லையா? இதெல்லாம் வாங்குபவரின் முடிவை உண்மையில் மாற்றுகிற விஷயங்கள். எந்தத் தேதியில் முடிப்பது என்பதை முன்கூட்டியே எழுதி வெச்சுடுங்க. தினமும் எட்டிப் பார்த்து, ஜெயிக்கிற மாதிரி தெரிந்த நாளில் நிறுத்தினால், வெறும் ஆட்டமே வெற்றியாகத் தெரிகிற வாய்ப்பு பல மடங்கு கூடிவிடும்.

செவ்வாய்க்கிழமை பத்து மணி மெயிலைப் பற்றியும் ஒரு வரி. எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்ற எண்ணை வைத்துத்தான் இந்த மாதிரி நேரங்களைச் சொல்கிறார்கள். 2021-ல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பைக் கொண்டுவந்த பிறகு, ஆள் திறக்காத மெயிலும் திறந்ததாகக் கணக்கில் வருகிறது. அந்த எண்ணை விட்டுட்டு, ஆர்டரை எண்ணுங்க.

எல்லாத்தையும் சோதிக்கணுமா என்றால், வேண்டாம். வணிக எஸ்எம்எஸ் அனுப்ப டிராயின் டிஎல்டி பதிவு வேண்டும், அது சட்டம். தளத்தில் போன் நம்பர் சரியாக இருக்கணும், விலை தெளிவாக இருக்கணும், வாட்ஸ்அப்பில் கேட்டவருக்கு அன்றே பதில் போகணும். இதுக்கெல்லாம் சோதனை வைத்து நேரத்தைக் கொல்லாதீங்க. அதே சமயம், உங்களுக்கு ரொம்பப் பிடித்த யோசனை என்பதற்காக எதையும் சோதிக்காமல் விடாதீங்க. மைக்ரோசாஃப்டில் சோதனைப் பிரிவை நடத்திய ரான் கொஹாவி சொன்ன கணக்கு இது: அங்கே சோதித்த யோசனைகளில் மூன்றில் ஒரு பங்குதான் நல்ல பலன் தந்தது, ஒரு பங்கு ஒன்றுமே செய்யவில்லை, ஒரு பங்கு கெடுதல் செய்தது. அங்கே இருந்தவங்க இதே தொழிலாக இருந்தவங்க.

கடைசியா ஒரு நேயர் கேள்வி. "விளம்பரத்தை ஏஜென்சி பார்த்துக்கிறாங்க. நிறுத்திப் பார்க்கலாமான்னு கேட்டா, நிறுத்தினா அல்காரிதம் கெட்டுடும்னு பயமுறுத்துறாங்க. என்ன பண்றது சார்?"

முழுசாக நிறுத்தச் சொல்லாதீங்க. மொத்தமாக அணைத்து மறுபடி போட்டால், விளம்பரம் சில நாள் தடுமாறுவது உண்மைதான். "இந்த மூணு ஊரை மட்டும் நாலு வாரத்துக்கு லொகேஷன்ல விலக்கி வைங்க, அந்த ஊர்களுக்கான பட்ஜெட்டை மட்டும் குறைச்சுடுங்க, மிச்ச ஊர்ல இப்போ போற செலவே போகட்டும்"னு சொல்லுங்க. பட்ஜெட்டைக் குறைக்காம விட்டா, அந்தப் பணமும் மிச்ச ஊர்கள்ல போய்ச் செலவாகி ஒப்பீடு கெட்டுடும். கூகுளிலும் மெட்டாவிலும் இடத்தை விலக்கும் வசதி இருக்கிறது, கொஞ்ச நேர வேலை. உங்க ஏஜென்சிக்கு விளம்பரச் செலவில் சதவீதமாகக் கட்டணம் போகிறதா என்பதையும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கோங்க. அப்படியிருந்தா, சோதனை நடக்கிற மாதத்துக்கு மட்டும் வழக்கமான தொகையையே தந்துடுறேன்னு சொல்லிடுங்க, தயக்கம் பாதி குறையும். ஆர்டர் எண்ணிக்கையை அவங்க அறிக்கையிலிருந்து எடுக்காதீங்க. கொரியர் பில்லில் பின்கோடு இருக்கும், அதை வெச்சு நீங்களே எண்ணுங்க.

ஊர்களைப் பிரிப்பதில் சந்தேகம் இருந்தால், கடந்த எட்டு வாரத்தின் ஊர்வாரி ஆர்டர் எண்ணிக்கையை மட்டும் அனுப்புங்க. வாடிக்கையாளர் பெயர், நம்பர் எதுவும் வேண்டாம். அடுத்த அத்தியாயத்தில் இரண்டு மூன்று பேருடையதை எடுத்துப் பிரித்துக் காட்டுறேன்.